பத்தொன்பது மூடிகள்

வெயில் ஏறுவதற்கு முன்பே கிணற்றடியில் உட்கார்ந்து மூடிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் உம்மு ஹபீபா. பக்கத்தில் ஒரு சிரட்டையில் செங்கற்பொடி, கையில் தேங்காய் நார். அரிசி டப்பா மூடி, சீனி டப்பா மூடி, தேயிலை, மல்லி, கருப்பட்டி என்று மொத்தம் பத்தொன்பது. பதினோரு வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கில் கிடந்தவை. சில துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கத்தி முனையால் நெம்பித்தான் பிரிக்க முடிந்தது.

அவற்றையெல்லாம் பழைய இரும்புக்காரனிடம் எப்போதோ போட்டாயிற்று என்றுதான் அவள் புருஷன் கபீர் நினைத்துக்கொண்டிருந்தார். பல் விளக்க வந்தவர், சுவரில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த மூடிகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதெல்லாம் எங்கன கிடந்துச்சு?"

"கிடந்த எடத்துல கிடந்துச்சு. இன்னைக்குக் கையெழுத்தப் போட்டு முடிங்க மச்சான். எதுக்கு எது மூடின்னு ரெண்டு பேருமாச் சேந்து பாத்து மாட்டுவோம்."

கபீர் ஒரு மூடியை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

அந்த வீட்டில் எதற்கும் மூடி கிடையாது. சமையற்கட்டு அலமாரியில் டப்பாக்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு தட்டு, தட்டில் உவர்த்தண்ணீர். கீழக்கரையில் வெயில் அடிக்கும் அடிக்குத் தட்டுத்தண்ணீர் மத்தியானத்துக்குள் வற்றிவிடும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னால் ஒரு தடவை ஹபீபா செம்பைத் தூக்கிக்கொண்டு பத்தொன்பது தட்டுக்கும் ஊற்றிக்கொண்டு போவாள். "மத்த வீட்டுல ஆடு மாட்டுக்குத் தண்ணி வைப்பாக, நான் டப்பாவுக்கு வைக்கேன்" என்பாள். முதல் இரண்டு வருஷம் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

கபீருக்குச் சொந்த ஊர் அக்காள்மடம். தோணிக்காரர் மகன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் வேறு வேலை இல்லாமல் பட்டாளத்தில் சேர்ந்தார். பெங்களூரில் சாப்பர்ஸ் படையில் போட்டார்கள். பாலம் கட்டுவார்கள், பாதை போடுவார்கள், எதிரி புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளைத் தேடி எடுப்பார்கள். இத்தாலியில் திராட்சைத் தோட்டங்களுக்குள் குப்புறப் படுத்து, விரலால் மண்ணை விலக்கி விலக்கி இரண்டு வருஷம் கழித்தார். அவரோடு பாம்பன் ரயிலடியில் ஏறிய ஐந்து பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். வந்ததும் கல்யாணம். கீழக்கரை வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு தகரப்பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கபீரும் வந்தார். பட்டாளப் பெட்டியைத் திண்டுக்கல் பூட்டுப் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். இனி ஏதாவது கடையில் உட்கார்ந்து காலத்தை ஓட்டுவது என்று இருந்தார்.

நாற்பத்தொன்பதில் கடற்கரையில் ஒரு டப்பா ஒதுங்கியது. வெடி போட்டு மீன் பிடிக்கிறவர்கள் எறிந்து, வெடிக்காமல் போன டப்பா. திரி நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அரை மைல் சுற்றுக்கு ஒருத்தர் நெருங்கவில்லை. யாரோ கபீர் பேரைச் சொல்ல, போலீஸ்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். போனார். முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, மணலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தார். ஒரு தடவை போனதோடு முடிந்தது என்றுதான் அவரும் நினைத்தார், ஹபீபாவும் நினைத்தாள்.

அடுத்த மாதம் இராமநாதபுரத்துப் போலீஸ் ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்தது. தற்காலிகப் பயிற்சியாளர், ஆறு மாதத்துக்கு. மீன்பிடி வெடி, காட்டுப்பன்றிக்கு வைக்கிற வெடி, ஊர்ச்சண்டைக்கு உருட்டி ஒளித்து வைக்கிற நாட்டு வெடி, இவற்றைக் கண்டுபிடிக்கவும் நெருங்காமல் இருக்கவும் போலீஸ்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆள் தேறும்வரை கூப்பிட்ட இடத்துக்குத் தானே போய் வர வேண்டும். அந்த ஆறு மாதம் இருபத்திரண்டு தடவை புதுப்பிக்கப்பட்டது.

வீட்டு மூடிகள் போனது அந்த முதல் வருஷத்தில்தான். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. தேங்காய் வாங்கினால் காதுகிட்டே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். தீப்பெட்டியை ஆட்டிப் பார்ப்பார்கள். மூடியிருக்கிற எதையும், உள்ளே எவ்வளவு இருக்கிறது, என்ன இருக்கிறது என்று ஒரு ஆட்டு ஆட்டிக் காதால் கேட்காமல் திறக்கமாட்டார்கள். கடலிலிருந்து ஒதுங்கிய டப்பாவையும் அப்படித்தான் எடுத்தார்கள். கபீர் கேட்டறிந்த விபத்துகளில் பாதிக்கு மேல் காயம் காதுப் பக்கத்தில்தான். வகுப்பில் அவர் முதல் நாள் சொல்லுகிற முதல் வார்த்தையே அதுதான்.

"மூடியைக் கண்டா கைய நீட்டாதே. வாயைத் திற. யாரு வச்சது, எப்ப வச்சது, உள்ள என்ன இருக்குன்னு கேளு. பதில் சொல்ல ஆள் இல்லைன்னா, அங்கன நிக்காதே."

ஒரு நாள் வகுப்பு முடித்து வீட்டுக்கு வந்தவர், ஹபீபா சீனி டப்பாவைக் காதுகிட்டே ஆட்டுவதைப் பார்த்தார். அன்று சாயங்காலமே எல்லா மூடிகளையும் கழற்றிச் சாக்கில் போட்டார். மூடி இருந்தால்தானே ஆட்டுவாய்? திறந்திருந்தால் எட்டிப் பார்த்துக்கொள். இரும்புக்காரனிடம் போட்டுவிடு என்றார். அவள் சரி என்றாள். கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். என்றைக்காவது இந்த வேலை போகும், அன்றைக்கு வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். பேனாவுக்குக்கூட அந்த வீட்டில் மூடி இல்லை. மை காய்ந்து காய்ந்து எழுதவே எழுதாது.

பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேசி முடித்து வெகுநாளாகிவிட்டது. பேசுவதற்கு மிச்சம் இருந்தது இந்த வேலை ஒன்றுதான்.

மூன்று தடவை ராஜினாமா எழுதிக் கொடுத்தார் கபீர். மூன்று தடவையும் ஒரே பதில்: தனியாகப் போய்க் கையாளத் தகுந்த ஒருவர் தயார் என்று சான்று எழுதிக் கையெழுத்திட்டால் விடுவிக்கலாம். பதினோரு வருஷத்தில் ஒன்பது பேருக்குக் கற்றுக்கொடுத்தார். நாலு பேர் மாற்றலாகிப் போனார்கள். இரண்டு பேர் முதல் டப்பாவைப் பார்த்ததும் காய்ச்சல் என்று படுத்தார்கள். ஒருவர் பெண்சாதி ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்து அழுது புருஷனைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் கெட்டிக்காரி என்பாள் ஹபீபா.

மிஞ்சினது இரண்டு பேர். அதில் முதல் ஆள் முத்தழகு. அவனுக்குத்தான் ஐம்பத்தைந்தில் கபீர் கையெழுத்துப் போட்டார். நல்ல பயல், வகுப்பில் ஒரு தப்பு செய்ததில்லை. கையெழுத்துப் போட்ட ஐந்தாவது மாதம் சிக்கல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கடலைக் கொல்லையில், காவல்காரன் "வெறும் டப்பா சார்" என்று எடுத்துக் கொடுத்ததை வாங்கிக் காதுகிட்டே கொண்டுபோனான். வலது கையில் மூன்று விரல் போயிற்று, வலது கண் போயிற்று. கபீருக்கு ஓடிக்கொண்டிருந்த ஆறு மாதம் முடிந்து அவரை விடுவிப்பதற்கு முன்பே, புதுப்பிக்கிற காகிதம் மறுபடியும் அவர் பேருக்கு வந்தது.

இப்போது முத்தழகு இராமநாதபுரத்தில் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறான். இடது கையாலேயே டீ ஆற்றுவான். கபீர் வகுப்புக்குப் போகிற நாளெல்லாம் அங்கே ஒரு டீ குடிப்பார். குடிக்காமல் அந்தத் தெருவைத் தாண்ட அவருக்கு முடியாது.

"நீங்க ஏன் பாய் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வாரீக? நீங்க சொன்னதத்தானே நான் மறந்தேன்" என்பான் முத்தழகு.

"நீ மறக்கல. ஒன் கைதான் பழைய பழக்கத்த மறக்கல."

"என்னமோ போங்க. சீனி கூடவா, கொறச்சலா?"

ஒரு தடவை கபீர் ஓடியும் பார்த்தார். யாரிடமும் சொல்லாமல் அக்காள்மடத்தில் தங்கச்சி வீட்டில் போய் இருந்துகொண்டார். அந்த வாரம் பார்த்து ஒரு கிராமத்தார் மூடிய டப்பா ஒன்றைக் கூடையில் வைத்து, பத்திரமாகப் பஸ்ஸில் ஏற்றி, ஒரு போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கபீரைத் தேடிக் கண்டுபிடிக்க எட்டு நாள் ஆயிற்று. எட்டு நாளும் ஸ்டேஷன்காரர்கள் கொல்லைப்பக்கச் சுவர் ஏறிக் குதித்துத்தான் உள்ளே போனார்கள், வந்தார்கள். கடைசியில் பார்த்தால் உள்ளே நெத்திலிக் கருவாடு. ஊரே சிரித்தது. கபீரும் சிரித்தார். ஆனால் மறுபடி ஓடவில்லை. கருவாடாக இல்லாமல் இருந்திருந்தால் என்று அவர் நினைத்துக்கொண்டது ஹபீபாவுக்குத் தெரியும்.

இரண்டாவது ஆள் ஹெட் கான்ஸ்டபிள் வீரபத்திரன். நாற்பது வயது, நிதானஸ்தர், சிக்கலில் நிலபுலம் உள்ள குடும்பம். இரண்டு வருஷமாகக் கபீர் கூடவே போய் வருகிறவர். கபீர் படுத்து வேலை செய்ய, இவர் தூரத்தில் ஜனங்களை விலக்கி நிறுத்துவார். போன மாதம் மூன்று இடத்தில் இவரே தனியாகச் செய்தார், கபீர் தூரத்தில் நின்று பார்த்தார். ஒரு குறை சொல்ல முடியவில்லை. இவருக்குச் சான்று கொடுக்கிறேன் என்று கபீரே வாய்விட்டுச் சொன்னார். ஹபீபாவின் அண்ணன் மஹ்மூது தன் சங்கு குடோனில் தரம் பிரிக்கிற வேலையை மச்சானுக்காக நிறுத்தி வைத்திருந்தார். சங்கைத் தடவிப் பார்த்து ஓட்டை, கீறல் சொல்ல இந்த விரல்களைப் போல வேறு விரல் கிடைக்காது என்பது அவர் கணக்கு. மாதக் கடைசிவரை பார்ப்பேன், அப்புறம் தூத்துக்குடி ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

பத்து மணி பஸ்ஸில் வீரபத்திரன் காகிதங்களோடு வந்தார். ஒரு உறையில் இரண்டு காகிதம். ஒன்று சான்று, மற்றது இன்னொரு ஆறு மாதத்துக்குப் புதுப்பிக்கச் சம்மதம். இரண்டில் ஒன்றில் கையெழுத்து வேண்டும். முன்னறையில் கபீரும் அவரும் பாயில் உட்கார்ந்தார்கள். ஹபீபா உள்கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"தங்கச்சி, இனிமே பாய் ஒங்களுக்குத்தான். நாங்க கூப்பிட வரமாட்டோம்" என்றார் வீரபத்திரன் திரையைப் பார்த்து.

"அல்லா ஒங்களுக்குப் பரக்கத்துச் செய்யட்டும் அண்ணே. ஒங்க வீட்டுல என்ன சொல்லுறாக?"

"என்னத்தச் சொல்லுவா? வெடிக்காரன் பொண்டாட்டின்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேன்னுட்டா. கூப்பிட்டுப் பழகுனா சரியாப் போயிரும்."

கபீர் சிரித்தார். ஹபீபா சிரிக்கவில்லை. அந்தப் பெண் முகம் தெரியாதவள். இருந்தாலும் ஒரு நொடி ஹபீபா அவளை நினைத்துக்கொண்டாள். அதைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

வந்தவருக்கு வாய்க்கு இனிப்பாகக் கொடுக்க வேண்டும். அண்ணன் பெண்சாதி மஜீதா காலையில்தான் அல்வா மாதிரியான தொதல் கிண்டி, புது டப்பா ஒன்றில் அடைத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். வழக்கமாக எந்த டப்பா வந்தாலும் ஹபீபா வாசலிலேயே மூடியைக் கழற்றிவிடுவாள். இன்றைக்குக் கழற்றவில்லை. இன்றைக்குத்தான் எல்லாம் மாறப்போகிறதே என்று, மூடியோடு வீட்டுக்குள் எடுத்து வந்தாள். வந்த கையோடு ஒரு ஆட்டு ஆட்டியும் பார்த்துக்கொண்டாள். அந்த டப்பாவையும் ஒரு பீங்கான் தட்டையும் கரண்டியையும் திரைக்கு அடியில் முன்னறைக்குத் தள்ளிவிட்டாள்.

"தொதல் அண்ணே. எடுத்துச் சாப்பிடச் சொல்லுங்க மச்சான்."

கபீர் சான்றுக் காகிதத்தை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பேனா எழுதாது என்று தெரிந்து வீரபத்திரன் கொண்டுவந்திருந்த பேனாவை வாங்கிக்கொண்டார். முதல் எழுத்துக்காக முனை காகிதத்தைத் தொட்டது. அப்போது வீரபத்திரன் டப்பாவை எடுத்தார்.

சிரித்துக்கொண்டே எடுத்தார். காதுகிட்டே கொண்டுபோனார். இரண்டு தடவை ஆட்டினார்.

"சத்தத்தையே காணோமே. நெறைய இருக்கும் போல" என்றார்.

பேனா அப்படியே நின்றது. காகிதத்தில் ஒரு மைப்பொட்டு பரவியது. வீரபத்திரன் கபீர் முகத்தைப் பார்த்தார். டப்பாவை மெதுவாக, மிக மெதுவாக, தரையில் வைத்தார். இந்த மெதுவெல்லாம் அவருக்கு நன்றாக வரும்.

"பாய், இது தொதலுன்னு தெரியும்ல..."

"எப்படித் தெரியும்?"

"தங்கச்சி குடுத்துச்சு."

"முத்தழகுக்கும் ஒருத்தன் குடுத்தான்."

"வீட்டுல இருக்கம்னுதானே கை... வேலையில நான் அப்படிச் செய்வனா? ரெண்டு வருஷமாப் பாக்குறீகள்ல."

"ஆமா. ரெண்டு வருஷமா நான் பக்கத்துல நிக்கிறப்பத்தான் பாக்கேன்."

வீரபத்திரன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கை தன்னுடையதா என்று பார்ப்பவர் போலப் பார்த்தார். கபீர் சான்றை மடித்து உறைக்குள் வைத்தார். மற்ற காகிதத்தை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி, அந்தக் காகிதத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க."

வீரபத்திரன் தொதலைத் தொடவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, "ஆறு மாசத்துல இந்தக் கைய மாத்திருவேன் பாய்" என்றார். கபீர் தலையாட்டினார். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு அவர் நடந்து போவது தெருமுனைவரை தெரிந்தது.

திரையை விலக்கிக்கொண்டு ஹபீபா வெளியே வந்தாள்.

"தின்பண்டம் மச்சான். தின்பண்டத்த ஆட்டுனதுக்கா?"

"தின்பண்டம்னு ஆட்டுற கைதான் மத்ததையும் ஆட்டப் போகுது."

"காலையில நானும்தான் ஆட்டுனேன்."

"நீ சர்ட்டிபிகேட் கேக்கலையே."

"கேட்டேன். பதினோரு வருஷமாக் கேக்கேன்."

கபீர் தலையைக் குனிந்துகொண்டார். உறையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"மூடியோட நான் குடுக்காம இருந்திருந்தா?"

"தெரியாமக் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"போட்டிருப்பீக. அவரும் நல்லாத்தான் இருந்திருப்பாரு. எந்தக் கையும் எல்லா நாளும் தப்புப் பண்ணாது. ஒங்க கை தப்புப் பண்ணாதுன்னு எனக்கு யாரு சர்ட்டிபிகேட் குடுத்தா? ஒவ்வொரு தடவையும் வாசலப் பாத்து உக்காந்திருக்கேனே, எனக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

"ஹபீபா..."

"அண்ணன் நாளைக்கு வருவாக. என்ன சொல்லட்டும்?"

அவள் கிணற்றடிக்குப் போய், காய்ந்த மூடிகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள்.

முன்னறையிலிருந்து பார்த்தால் சமையற்கட்டு அலமாரி தெரியும். ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, எந்த மூடி எதற்கு என்று யோசிக்காமல், பார்த்ததும் தெரிந்தவளாக, மாட்டி உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். அரிசி. சீனி. தேயிலை. ஒவ்வொரு தட்டலுக்கும் கபீரின் தோள் ஒரு தடவை அசைந்தது. அவரை அறியாமல் எண்ணிக்கொண்டு வந்தார்.

"மூடாதே ஹபீபா."

"இது என் வீடு" என்றாள் அவள். திரும்பிப் பார்க்கவில்லை.

பதினெட்டுவரை அலமாரியில் மூடினாள். பத்தொன்பதாவது, உருண்டையான ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதை அவருக்கு முதுகு காட்டிக்கொண்டு இறக்கினாள், உள்ளே எதையோ போட்டாள், மூடினாள். முன்னறைக்குக் கொண்டுவந்து, பாயில், அவர் முழங்காலுக்கு முன்னால் வைத்தாள். மூடி செங்கற்பொடி போட்டுத் தேய்த்ததில் பளபளத்தது.

கபீர் டப்பாவைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. இரண்டு கையும் மடியிலேயே இருந்தன.

"இதுல என்ன வச்சிருக்க?" என்று, வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே கேட்டார்.

ஹபீபா செம்பை எடுத்துக்கொண்டாள். பழக்கத்தில் எடுத்துவிட்டாள், தட்டுகளுக்குத் தண்ணீர் ஊற்ற இனி அவசியம் இல்லை. அதைத் திரும்ப வைக்கவும் இல்லை.

"ஹபீபா. உள்ள என்ன இருக்கு?"

பதில் சொல்ல இருந்த ஒரே ஆளும் செம்போடு அறையை விட்டுப் போனாள்.